மேல்காற்று எழும்பும் முன்: நெல்லையில் சைக்கிள் பயிற்சிக்கு எந்த நேரம்?

புதிதாக ரோடு பைக் வாங்கி எங்களோடு ஓட்ட வருகிறவர்கள் ஒன்றிரண்டு வாரத்திலேயே கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணாச்சி, காலையில ஓட்டுறது நல்லதா, சாயங்காலமா?" இதற்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்பவர்கள் பெரும்பாலும் தங்கள் வேலை நேரத்தைத்தான் பதிலாகச் சொல்கிறார்கள் என்பது என் எண்ணம். பாளையங்கோட்டையில் அலுவலக வேலை பார்க்கும் நான் முதல் சில ஆண்டுகள் விடியற்காலையில் மட்டுமே ஓட்டினேன். பிறகு அலுவலக நேரம் மாறி, காலை ஏழரைக்கே இருக்கையில் இருக்க வேண்டும் என்றானபோது, நீண்ட காலம் மாலை ஓட்டம் மட்டுமே வாய்த்தது. இப்போது இரண்டையும் கலந்து ஓட்டுகிறேன். பரிசு வாங்கும் ஆசை எனக்கில்லை, பி.ஆர்.எம். எனப்படும் நெடுந்தூர ஓட்டங்களை நேரக் கெடுவுக்குள் முடிக்க வேண்டும், மறுநாள் அலுவலகத்தில் தூங்கி விழக் கூடாது, அவ்வளவுதான். அந்த அளவில் நான் கண்டது இது: நம் நெல்லைச் சீமையில் நீண்ட, நிதானமான ஓட்டத்திற்கு விடியற்காலையும், மூச்சு வாங்க வைக்கும் குறுகிய கடும் பயிற்சிக்கு மாலையும் பொருந்துகின்றன, ஆனால் வெயிலையும் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்றையும் கேட்காமல் இந்த ஏற்பாட்டை ஆண்டு முழுவதும் நடத்த முடியாது.

முதலில் உடம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மனித உடலின் உள்வெப்பம் நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. விடியலுக்கு முன், நான்கு ஐந்து மணி அளவில் மிகவும் தாழ்ந்து, பிற்பகலின் கடைசியிலோ முன்மாலையிலோ உச்சத்தைத் தொடுகிறது. இடையிலுள்ள வேறுபாடு அரை டிகிரி முதல் ஒரு டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். வெப்பம் கூடியிருக்கும் வேளையில் தசைகள் விரைந்து சுருங்கி விரிகின்றன, மூட்டுகளின் இறுக்கமும் தளர்ந்திருக்கிறது. குறுகிய நேரத்தில் முழு வலுவையும் காட்ட வேண்டிய வேலைகளில் பலரும் மாலையில் சில விழுக்காடு கூடுதலாகச் செய்வதற்கு இதுவே முக்கியக் காரணம். ரெட்டியார்பட்டி மலையருகே நான்குவழிச் சாலை ஏறும் சிறு மேட்டில் இதை நானே பார்த்திருக்கிறேன். காலை ஐந்தரைக்கு முழங்கால் முனகிக்கொண்டு ஏறுகிற அதே கியரில், மாலை ஐந்தரைக்கு வாய் மூடியபடியே ஏறிவிட முடிகிறது.

இதைக் கேட்டுவிட்டு, காலையில் ஓட்டுவது வீண் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். தொடர்ந்து சில வாரம் ஒரே நேரத்தில் பயிற்சி செய்கிறவரின் உடல் அந்த நேரத்திற்குப் பழகி, காலைக்கும் மாலைக்குமான இடைவெளி சுருங்கிவிடுகிறது. ஆகவே திங்கட்கிழமை காலை, செவ்வாய் மாலை, புதன் மறுபடி காலை என்று நேரத்தைப் பந்தாடுவதைவிட, எந்த வேலைக்கு எந்த நேரம் என்று ஒருமுறை குறித்துக்கொண்டு அதிலேயே நிற்பது பலன் தருகிறது. காலை ஓட்டக்காரர்கள் விட்டுவிடக் கூடாத ஒன்று, உடம்பைச் சூடேற்றிக்கொள்வது. படுக்கையிலிருந்து எழுந்து அரை மணிக்குள் முழு வேகம் பிடிப்பது இளைஞர்களுக்கே நல்லதில்லை. மாரடைப்புகள் காலை நேரத்தில் கூடுதலாக நேர்கின்றன என்பது மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்த செய்தி. நாற்பதைத் தாண்டியவர்கள் முதல் இருபது நிமிடம் இலேசான கியரில், பேசிக்கொண்டே ஓட்டும் வேகத்தில் போக வேண்டும். மாலையில் பத்து நிமிடம் போதும். நாளெல்லாம் நடமாடிய உடம்பு ஏற்கெனவே பாதி தயாராகத்தான் இருக்கிறது. நாற்காலியிலேயே நாளைக் கழிப்பவர்கள் மட்டும் இடுப்புக்கும் தொடைக்கும் கூடுதலாக ஐந்து நிமிடம் ஒதுக்கினால் நல்லது.

உடம்பைப் பற்றிய இந்தச் செய்திகள் எந்த ஊருக்கும் பொதுவானவை. நம் ஊருக்கே உரியது காற்று. மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு சுவராக நின்றாலும் செங்கோட்டைக்கு அப்பால் ஆரியங்காவிலும், தெற்கே ஆரல்வாய்மொழியிலும் கணவாய்கள் திறந்திருப்பதால், தென்மேற்குப் பருவக்காற்று அவற்றின் வழியே நெருக்கி நுழைந்து சமவெளியில் பாய்கிறது. ஆலங்குளம், சுரண்டை வட்டாரத்திலும் பணகுடிப் பக்கமும் வரிசை வரிசையாகக் காற்றாலைகளை நட்டிருப்பது இதனால்தான். வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆவணி வரை ஓயாத இந்த மேல்காற்றில், ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியைச் சைக்கிள்காரன் தன் தொடையிலேயே உணர்கிறான்.

ஆனால் இந்தக் காற்றுக்கும் ஒரு கடிகாரம் உண்டு. இரவில் தரை குளிரும்போது தரையை ஒட்டிய காற்று கனத்து, அசையாமல் படிந்துவிடுகிறது. மேலே வேகமாக ஓடும் காற்று அதன்மீது வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. வெயில் ஏறித் தரை சூடானதும் தரையை ஒட்டிய காற்று மேலெழும்பி, இரண்டும் கலந்து, மேலே இருந்த வேகம் கீழே இறங்கிவிடுகிறது. அதனால் ஆனி மாதத்தில் காலை ஆறு மணிக்குப் பேட்டையைத் தாண்டித் தென்காசிச் சாலையில் ஓட்டுகிறவர் காண்கிற உலகம் வேறு, மாலை ஐந்து மணிக்கு அதே சாலையில் ஓட்டுகிறவர் காண்கிற உலகம் வேறு. காலையில் சீதபற்பநல்லூர் வரை பனைமர ஓலைகள் ஏறத்தாழ அசையாமல் நிற்கும். எட்டரை மணி வாக்கில் சாலையோரத்துப் பாலிதீன் பைகள் கிழக்கு நோக்கி உருளத் தொடங்கினால் மேல்காற்று தரையிறங்கிவிட்டது என்று பொருள். ஆடி உச்சத்தில் தென்காசிக்கு அருகே இரவிலும் அது ஓய்வதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

காற்று எவ்வளவு பறிக்கும் என்பதை ஒரு கணக்கு காட்டிவிடும். காற்றின் எதிர்ப்பு, காற்றோடு ஒப்பிட்ட நம் வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடுகிறது. காற்றில்லாத வேளையில் மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் போகிறவர், 20 கி.மீ. வேக எதிர்க்காற்றில் அதே வேகத்தைப் பிடிக்க நினைத்தால், அவர் கிழிக்க வேண்டிய காற்றின் வேகம் 45 கி.மீ.; எதிர்ப்பு மூன்று மடங்குக்கும் மேல். போதாக்குறைக்கு நெல்லையிலிருந்து மேற்கே செல்லும் சாலைகள் எல்லாம் மலையடிவாரத்தை நோக்கிக் கண்ணுக்குத் தெரியாமல் ஏறிக்கொண்டே போகின்றன. எனவே காற்றுக் காலத்து மாலைப் பயிற்சியில் ஸ்பீடோமீட்டரைப் பார்ப்பதை நான் நிறுத்திவிட்டேன். இதயத் துடிப்பும் மூச்சும் சொல்வதே கணக்கு. மேற்கு நோக்கி நான்கு நிமிடம் அழுத்தி மிதித்து, மூன்று நிமிடம் தளர்த்தி, மறுபடி நான்கு நிமிடம் என்று ஆறு தடவை செய்தால், மலையேற்றம் இல்லாத ஊரில் மலையேற்றப் பயிற்சி கிடைத்துவிடுகிறது. ஓட்டத்தைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியில் வேகம் 17 என்று காட்டினால் நண்பர்கள் கேலி செய்வார்கள், செய்துவிட்டுப் போகட்டும். எப்போதும் எதிர்க்காற்றில் போய், பின்காற்றில் வீடு திரும்ப வேண்டும். கிழக்கே வல்லநாடு வரை பின்காற்றில் பறந்துவிட்டு, திரும்பும்போது தண்ணீரும் தீர்ந்து தெம்பும் தீர்ந்து தள்ளிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். காற்றின் திசை குழப்பமாக இருந்தால் காற்றாலையைப் பார்த்தால் போதும்: அதன் முகம் எப்போதும் காற்று வரும் திசையைத்தான் நோக்கியிருக்கும்.

காற்றுக் காலத்து மாலையில் நான் போகவே மாட்டாத சாலை ஒன்று உண்டு. நாங்குநேரி நோக்கிச் செல்லும் நான்குவழிச் சாலை. அங்கே மேல்காற்று பக்கவாட்டிலிருந்து அடிக்கிறது. தெற்கே போகும்போது காற்று வலப்பக்கத்திலிருந்து வருவதால் நாம் நம்மை அறியாமலே வலப்பக்கம் சாய்ந்து ஓட்டுகிறோம். அப்போது பின்னாலிருந்து வரும் லாரி நம் வலப்பக்கமாகக் கடக்கும் அந்த ஓரிரு விநாடி, அதன் உடம்பு காற்றை முழுவதும் மறைத்துவிடுகிறது. தாங்கி நின்ற காற்று சட்டென்று அற்றுப்போக, சாய்ந்திருந்த சைக்கிள் லாரியை நோக்கியே இழுபடும். லாரி போனதும் காற்று முகத்தில் அறைந்ததுபோல் திரும்ப வந்து இடப்பக்கம் மண்ணில் தள்ளும். வடக்கே திரும்பி வரும்போது காற்று இடப்பக்கத்திலிருந்து வந்து நம்மை நடுச்சாலைக்குத் தள்ளப் பார்க்கும். கைப்பிடியின் கீழ்வளைவைப் பற்றிக் குனிந்து, லாரி ஓசை கேட்டதுமே மிதிப்பதைத் தளர்த்தி, தோள்களை இறுக்காமல் வைத்திருப்பது உதவும். பக்கவாட்டில் அகன்று காற்றைப் பிடிக்கும் ஆழமான விளிம்புடைய சக்கரங்களை ஆனி, ஆடியில் வீட்டிலேயே மாட்டி வைத்துவிடுவது அதைவிட உதவும். அந்தச் சாலைக்கு உரிய நேரம் காலை ஆறிலிருந்து எட்டு வரை.

பங்குனி முதல் வைகாசி வரை காற்றைவிட வெயில் பெரிய எசமான். பாளையங்கோட்டையில் 38, 39 டிகிரி என்பது அப்போது சாதாரணம். மாலை நாலரைக்கு வெயில் தணிந்ததுபோல் தோன்றினாலும், பகலெல்லாம் சூட்டைக் குடித்த தார்ச்சாலை அதைத் திருப்பிக் கக்கிக்கொண்டே இருக்கும். வெப்பத்தில் உடல் இரத்தத்தைத் தோலுக்குத் திருப்பிவிடுகிறது, வியர்வையால் இரத்தத்தின் நீரும் குறைகிறது. ஒரே உழைப்புக்கு இதயம் மேலும் மேலும் வேகமாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. இதயத் துடிப்பு மானியை வைத்துப் பயிற்சி செய்கிறவர்கள் இந்த ஏற்றத்தைத் தங்கள் தகுதிக் குறைவு என்று எண்ணி மனம் உடையத் தேவையில்லை. வெயிலுக்கு உடல் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் பிடிக்கும். அதற்குள் தூரத்தையும் வேகத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டும். தலைச்சுற்றலோ, வியர்வைக்கு நடுவே குளிரோ, குமட்டலோ தோன்றினால் அன்றைய ஓட்டம் அங்கேயே முடிந்தது. நிழலில் உட்கார்ந்து தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு யாரையாவது கூப்பிட வேண்டும். கோடையில் மாலை ஐந்தேகாலுக்கு முன்பு நான் சைக்கிளை வெளியே எடுப்பதில்லை. எடுத்தாலும் மேலப்பாளையம், முன்னீர்பள்ளம், பத்தமடை வழியாகச் சேரன்மகாதேவி செல்லும் சாலைக்குத்தான் போகிறேன். ஆற்றுப் பாசன வயல்கள் கூடவே வருவதால், அந்தச் சாலையில் முன்னீர்பள்ளம் தாண்டியதும் முகத்தில் படும் காற்றின் சூடு தணிவது நன்றாகவே தெரியும். செவ்வாய்க்கிழமை மட்டும் மேலப்பாளையம் சந்தைக் கூட்டத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கோடையின் மாலைகளுக்கு இன்னொரு ஆபத்து இடி. சித்திரையில் மலைப்பக்கம் கருத்து எழும்பும் மேகம் அரை மணியில் தலைக்கு மேல் வந்துவிடுகிறது. இடியோசை காதில் விழும் தூரம் வந்தாலே மின்னல் நம்மைத் தொடக்கூடிய தூரம் வந்துவிட்டது என்று கொள்ள வேண்டும். வெட்டவெளியில் தனித்து நிற்கும் பனைமரத்தின் கீழ் ஒதுங்குவது இந்த ஊரில் செய்யத் தகாத காரியங்களில் முதலாவது. பேருந்து நிழற்குடையைவிடச் சுவரும் கூரையும் உள்ள கடையோ வீடோ நல்லது. நம் கிராமங்களில் "உள்ள வந்து நில்லுங்க" என்று சொல்லாத வீடு குறைவு.

வெளிச்சத்தைப் பற்றி வெளியூர் நண்பர்களுக்கு ஒரு குறிப்பு. நாட்டின் வடபகுதிகளில் மாறுவதுபோல் இங்கே கோடைக்கும் குளிருக்கும் பகல் நேரம் பெரிதாக மாறுவதில்லை. வைகாசியில் ஆறு மணிக்கு ஓரிரு நிமிடம் முன்பு உதிக்கும் சூரியன், தை கடைசியில் ஆறு நாற்பது வரை தாமதிக்கிறது. மறைவது ஐப்பசி கடைசியில் ஐந்து ஐம்பத்தைந்துக்கு; ஆடித் தொடக்கத்தில் ஆறு நாற்பதுக்கு. ஆக, தை மாசியில் காலை ஓட்டம் இருட்டில் தொடங்கியே தீரும், ஐப்பசி கார்த்திகையில் மாலை ஓட்டம் இருட்டில் முடிந்தே தீரும். இரண்டு காலத்திலும் பின்புறம் சிவப்பு மின்னொளி, முன்னால் சாலைக் குழியைக் காட்டும் அளவுக்கு வெண்ணொளி, ஒளி திருப்பும் பட்டையுள்ள மேல்சட்டை ஆகிய மூன்றும் கட்டாயம். இருட்டைவிட மோசமானது தாழ்ந்த சூரியன். மாலையில் மேற்கே போகும்போது நமக்கு மட்டும் கண் கூசவில்லை. நம் பின்னால் வரும் வேன் ஓட்டுநருக்கும் அதே சூரியன் கண்ணில் விழுகிறது, நாம் அவருக்குத் தெரிவதே இல்லை. ஆகையால் பகலிலும் பின்விளக்கை எரியவிட்டே ஓட்டுகிறேன். கிழக்கே செல்லும் சாலைகளில் இதே சங்கடம் காலை ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில் வருகிறது. திருச்செந்தூர்ச் சாலையில் தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் விடியலுக்கு முன்பே பாதயாத்திரைக் கூட்டம் சாலையோரத்தை நிறைத்துவிடும். அந்த வாரங்களில் அந்தப் பக்கம் போகாமலிருப்பதே மரியாதை.

அந்தி வேளைக்கு வேறு தொல்லைகளும் உண்டு. வயலோரச் சாலையில் விளக்கைப் போட்டதும் பொடிப்பூச்சிகள் முகத்தை நோக்கியே வருகின்றன. நிறமில்லாத கண்ணாடி அணியாமல் பத்தமடைப் பக்கம் அந்தியில் ஓட்ட முடியாது. கார், பிசானம் ஆகிய இரண்டு அறுவடைக் காலத்திலும் நெல் காயப்போட்டுச் சாலையின் ஒரு பாதியை எடுத்துக்கொண்டிருப்பார்கள். இருட்டியபின் அதைச் சுற்றி வைத்த கல்லை மட்டும் எடுக்க மறந்திருப்பார்கள். பின்விளக்கில்லாத டிராக்டர் டிரெய்லர் வைக்கோல் ஏற்றிச் சாலையையே அடைத்துக்கொண்டு போகும். ஒரு நாள் சேரன்மகாதேவியிலிருந்து திரும்பும் வழியில், வைக்கோல் இழை பின்பக்கக் கியரில் சுற்றிக்கொண்டு செயின் இறங்காமல் நின்றுவிட்டது. செல்போன் விளக்கை வாயில் கவ்விக்கொண்டு, கிரீஸில் ஊறிக் கயிறாகத் திரிந்த வைக்கோலைச் சாவி நுனியால் பல் பல்லாகக் கிளறி எடுக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து தலையில் மாட்டும் சிறு விளக்கும் பழைய பல் துலக்கும் பிரஷும் சீட்டுப் பையில் இருக்கின்றன.

பஞ்சர் விஷயத்தில் மாலைக்கே வெற்றி என்று நினைக்கத் தோன்றும், கடைகள் திறந்திருக்குமல்லவா? உண்மையில் காலை ஆறு மணிக்கும் நெடுஞ்சாலையில் லாரி டயர்க் கடைகள் விழித்துத்தான் இருக்கின்றன. ஆனால் நம் ரோடு பைக்கின் மெல்லிய பிரெஸ்டா வால்வில் அவர்களுடைய காற்றுக்குழாய் பொருந்தாது. சில ரூபாய் விலையுள்ள பித்தளை அடாப்டர் ஒன்றை வால்விலேயே திருகி வைத்துக்கொண்டால் அந்தக் கவலை தீரும். நம் சாலையோரங்களில் காற்றுக் காலத்தில் உடைமுள் வந்து விழுந்து கிடப்பதால் மாற்று டியூபும் பம்பும் எந்த நேரத்திலும் வேண்டும்.

நாய்கள் விடியற்காலையின் அரசர்கள். ஆள் நடமாட்டமில்லாத நாலரை, ஐந்து மணிக்குத் தெருவே அவற்றுக்குச் சொந்தம்; ஐந்தே முக்கால் ஆகிப் பால்காரரும் பேப்பர் பையனும் நடமாடத் தொடங்கிவிட்டால் அடங்கிவிடுகின்றன. துரத்தினால் வேகம் கூட்டித் தப்பிப்பது மேட்டில் நடக்காது. இறங்கி நின்று, சைக்கிளை நமக்கும் நாய்க்கும் நடுவில் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தால் பெரும்பாலும் ஆர்வம் இழந்துவிடும். பல் பட்டுவிட்டால், சிறு கீறலானாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

சாப்பாட்டில் காலைக்கும் மாலைக்கும் நிறைய வேறுபாடு. இரவு முழுவதும் உண்ணாதிருப்பதால் கல்லீரலில் சேமித்த சர்க்கரை காலையில் பெருமளவு கரைந்திருக்கும். தசையில் உள்ள சேமிப்பு அப்படியே இருக்கும். அதனால் ஒரு மணி நேர நிதான ஓட்டத்தை வெறும் வயிற்றில் முடித்துவிடலாம், அதற்கு மேல் போனால் கண் இருட்டும். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் போகவே கூடாது. நான் கிளம்புமுன் ஒரு டம்ளர் தண்ணீரும், ஒரு நாட்டு வாழைப்பழமும், கருப்பட்டிக் காபியும் எடுத்துக்கொள்கிறேன். சட்டைப் பையில் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் இரண்டு பாக்கெட். இரண்டு மணி நேரத்திற்கு மேற்பட்ட ஓட்டத்தில் ஒவ்வொரு அரை மணிக்கும் கொஞ்சம் வாயில் போட வேண்டும், பசித்தபின் சாப்பிடுவது தாமதம். பதநீர்க் காலத்தில் காலை ஓட்டக்காரர்களுக்கு ஒரு சலுகை உண்டு: மரத்திலிருந்து இறக்கிய சூட்டோடு ஓலைப் பட்டையில் குடிக்கலாம். மாலையில் சிக்கல் வேறு மாதிரி. மதியச் சாப்பாடு கனத்திருந்தால் ஐந்தரைக்கு வயிறு பிசையும், குறைத்திருந்தால் ஆறு மணிக்கே பசி வரும். மதியம் ஒரு மணிக்குள் அளவாகச் சாப்பிட்டு, நாலரைக்கு இரண்டு இட்லியோ அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கோ எடுத்துக்கொள்வது எனக்குச் சரிப்பட்டு வருகிறது. நாலரை மணிக் காபியை மட்டும் விட்டுவிட்டேன். காபியின் காஃபீன் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது. கடும் பயிற்சியின் சூடும் சேர்ந்தால் இரவு பதினொன்றுக்கும் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

தூக்கம்தான் பலருடைய திட்டத்தைக் கவிழ்க்கிறது. மாலையில் கடும் பயிற்சி செய்தால் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது முடித்துவிட வேண்டும். ஏழு மணிக்கு வீடு திரும்பி, குளித்து, எட்டுக்குள் சாப்பிட்டு, பத்துக்குப் படுத்தால் தொல்லையில்லை. காலை நாலரைக்கு எழுகிறவர் ஒன்பதரைக்குப் படுக்காவிட்டால், அவர் பயிற்சி செய்யவில்லை, கடன் வாங்குகிறார். நம் ஊரில் கோயில் கொடை நடக்கும் மாதங்களில் தெருமுனை ஒலிபெருக்கி இரவு இரண்டு மணி வரை நம்மைக் கேட்காமலே நம் அட்டவணையை மாற்றிவிடும். அந்த வாரத்தில் காலை ஓட்டத்தை விட்டுவிட்டு மாலையில் அரை மணி இலேசாக ஓட்டுவதில் எந்தக் குறையும் இல்லை. தூக்கமில்லாத உடம்போடு நெடுஞ்சாலையில் போவது ஆபத்து.

எங்களோடு ஓட்டும் பெண்கள் இருவர் காலையையே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அதற்குக் காரணம் உடலியலும் இல்லை, காற்றும் இல்லை. இருட்டியபின் சாலையில் பைக்கில் வருகிறவர்கள் பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்துப் பேச்சுக் கொடுப்பது அவர்களுக்கு வாடிக்கையாகிவிட்ட தொல்லை. ஆள் நடமாட்டம் தொடங்கியபின், ஐந்தே முக்காலுக்கு வண்ணார்பேட்டையில் கூடி மூவர் நால்வராகக் கிளம்புவது என்று நேரத்தைக் கால் மணி தள்ளி வைத்ததில் குழுவிற்கு எந்த நட்டமும் ஏற்படவில்லை.

இப்போதைய என் வாரம் இப்படி ஓடுகிறது. செவ்வாய், வியாழன் மாலைகளில் ஒன்றேகால் மணி நேரம் கடும் பயிற்சி. சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் சும்மா காலை ஆட்டுவதற்கு. ஞாயிறு விடியலில் நீண்ட ஓட்டம், பெரும்பாலும் சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி வழியாக அம்பாசமுத்திரம், தெம்பிருந்தால் பாபநாசம் வரை. காற்றுக் காலத்தில் ஞாயிறு ஓட்டம் முன்கூட்டியே தொடங்கி ஏழரைக்குள் மேற்கு எல்லையைத் தொட்டுவிட வேண்டும். திரும்பும்போது எழும்பும் மேல்காற்று முதுகில் கைவைத்து வீடு வரை கொண்டுவந்து விட்டுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் பிற்பகல் மழை மாலைப் பயிற்சியைக் கெடுத்துக்கொண்டே இருப்பதால், அந்த இரண்டு மாதம் செவ்வாய், வியாழன் பயிற்சியை வீட்டில், சைக்கிளை நிறுத்தி மாட்டி மிதிக்கும் டிரெய்னர் கருவியில், மின்விசிறியை நேராக முகத்தில் வைத்து முடித்துவிடுகிறேன். விசிறி இல்லாமல் டிரெய்னர் ஓட்டுவது நம் புழுக்கத்தில் தண்டனை.

பி.ஆர்.எம். ஓட்டத்திற்குப் பெயர் கொடுத்துவிட்டால் மட்டும் கடைசி ஒரு மாதம் இந்த ஏற்பாடு மாறும். 200 கி.மீ. ஓட்டத்திற்கு 13 மணி 30 நிமிடமும், 300 கி.மீ.க்கு 20 மணி நேரமும் கெடு. காலை ஆறுக்குத் தொடங்கும் 200 கி.மீ. ஓட்டத்தில் என்னைப்போல மெதுவாகப் போகிறவர் இரவு ஏழரை வரை சாலையில் இருக்க நேரும். எனவே அந்த மாதத்தில் செவ்வாய்ப் பயிற்சியைக் காலைக்கு மாற்றி, அந்த நேரத்தில் வயிறு எதைத் தாங்குகிறது என்று பார்த்துக்கொள்கிறேன். ஒரு சனிக்கிழமை மட்டும் பிற்பகல் மூன்றுக்குக் கிளம்பி, வெயிலில் தொடங்கி இருட்டில் முடியும் நான்கு மணி நேர ஓட்டம் ஒன்று. விளக்கின் பேட்டரி பெட்டியில் எழுதியிருக்கும் நேரம் வரை உண்மையில் நிற்கிறதா, கண்ணாடியை மாற்ற மறந்துவிடுகிறேனா, களைத்த கால்களோடு எதிரே வரும் பேருந்தின் வெளிச்சத்தில் சாலையின் ஓரக்கோட்டைப் பிடித்துப் போக முடிகிறதா என்பதெல்லாம் அன்றைக்குத் தெரிந்துவிடும்.